வாங்கிப் பாட ஆளில்லாத பாட்டு

விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போகும் சாலையில், இருபுறமும் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, வேலிக்கருவையும் காய்ந்த பருத்தி மாரும் மாறி மாறிக் கண்ணில் பட, மல்லாங்கிணற்றை நோக்கி விடியற்காலையில் பிரயாணம் செய்கிற எவரும், எதிர்த் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருகின்ற வேன்களைக் காணாதிருக்க முடியாது. வெளிச்சம் முழுதும் பரவுமுன்பே அவை கிராமம் கிராமமாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுகின்றன. ஜன்னலோரம் தலை சாய்ந்து தூங்கும் பெண்கள், மடியில் தூக்குவாளி, தோளில் ஆணின் பழைய சட்டை. ஆமத்தூருக்கு அப்பாலும் சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களிலும் இருக்கின்ற பட்டாசாலைகளுக்கு அவர்கள் போகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே வேளையில் இவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் இதே சாலையின் ஓரமாகக் கம்பங்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் நடந்து போனார்கள். நடந்தவர்கள் பாடினார்கள் என்பதற்கு அச்சான புத்தகங்கள் சாட்சி. வேனில் போகிறவர்கள் பாடுகிறார்களா என்பதை அறிந்துகொள்ளவே நான் இவ்வூர்ப் பக்கம் வந்தேன்.

மல்லாங்கிணற்றுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வேப்பமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் இதைக் கேட்டேன். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பதினைந்து வயதில் களையெடுக்கப் போனவர். மழை பொய்த்து, காடு தரிசாகி, கிணறு வற்றிய பிறகு பட்டாசாலைக்குப் போகத் தொடங்கியவர். "கம்பெனியில் வேலை செய்யும்போது பாடுவதுண்டா, ஆத்தா?" என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கம்பெனியில எங்கய்யா பாட? காட்டுல களையெடுக்கையில நெரைக்கு எட்டுப் பேரு நிப்போம். ஒருத்தி எடுத்துப் பாடுனா ஏழு பேரு வாங்கிப் பாடுவாக. இங்க ரூமுக்கு நாலு பேருதேன். அதுவும் மருந்துச் சோலி, பராக்குப் பாத்தா உசுரு போச்சு. வாங்கிப் பாட ஆளு இல்லாம பாட்டு எப்பிடிய்யா வரும்?"

பேசும்போது அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஆறு நாள் வேலை முடிந்து, எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்த பிறகும், ரேகைகளின் பள்ளங்களில் அலுமினியப் பவுடர் வெள்ளிக் கம்பி இழைத்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தது. ஆயுள் ரேகை இன்னதென்று ஜோசியர் காட்டத் தேவையில்லாதபடி அத்தனை துலக்கமாகத் தெரிந்தது. அந்தக் கையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிதைக்கும் ஒரு தேசத்தின் ஜாதி பேதத்துக்கும், உழைக்கும் வர்க்கத்தின் ஜீவனப் போராட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனையோ நூல்களில் வாசித்திருக்கிறேன். அவர் கேட்ட கேள்வியில் இருந்த தெளிவு அவற்றில் எதிலும் எனக்குக் கிட்டவில்லை.

களையெடுப்புப் பாட்டும் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் வேலையின் சலிப்புத் தெரியாதிருக்கப் பாடப்பட்டவை என்று பட்டணத்தில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதில் பாதியே உண்மை. நிரை பிடித்து முன்னேறும் எட்டுப் பேரில் ஒருத்தி பிள்ளை பெற்று ஒரு மாதமே ஆனவளாக இருக்கலாம். இன்னொருத்தி காய்ச்சலோடு வந்தவளாக இருக்கலாம். அவர்கள் பின்தங்கினால் வேலையை மேற்பார்க்கிறவரின் கண்ணில் படும், கூலி குறையும். பாட்டின் தாளம் வேகமுள்ள கையைச் சற்றே நிறுத்தி, தளர்ந்த கையைச் சற்றே இழுத்து, எட்டுப் பேரையும் ஒரே வரிசையில் கொண்டுபோய்க் கரை சேர்த்தது. கூடவே, நேரே சொல்ல முடியாத குறைகளையும் அந்தப் பாட்டு சொல்லிற்று. கூலியாக அளந்த தானியத்தில் பதர் இருந்ததும், பொழுது அடைந்த பின்னும் ஆளை விடாததும், காட்டுக்காரர் வீட்டில் தண்ணீர் கேட்டவளைத் திண்ணைக்குக் கீழே நிற்கவைத்துக் கையைக் குவிக்கச் சொல்லி ஊற்றியதும், பாட்டென்னும் மறைவில் அவர் காதிலேயே விழும்படி சொல்லப்பட்டன. சொன்னவள் இன்னாரென்று பிரித்துப் பிடிக்க முடியாது; ஏழு பேர் வாங்கிப் பாடிவிட்டார்கள் அல்லவா? வாங்கிப் பாடுதல் என்பது சங்கீத விஷயமாக மட்டும் இருந்ததில்லை. அது ஒருத்தியின் குறையை எட்டுப் பேரின் குறையாக ஆக்கிய ஏற்பாடு.

இவற்றை ஏட்டில் ஏற்றியவர்களுக்குத் தமிழுலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்னும் தொகுப்புக்கு, கரிசல் காட்டுக் கிராமங்களில் அலைந்து பாட்டுகளைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் எஸ்.எஸ். போத்தையாவும் எஸ்.எம். கார்க்கியும் முக்கியமானவர்கள். அக்காலத்தில் பாமரர் பாட்டைக் கவிதையென்று ஒப்புக்கொள்ளப் புலவர்களுக்கு மனம் வராதிருந்தது. பாடியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர், அதிலும் பெண்கள் என்பதை நினைத்தால், தயக்கத்தின் காரணம் இலக்கணம் ஒன்றே என்று நம்ப என்னால் முடியவில்லை.

வானமாமலை ஆராய்ந்த கதைப்பாடல்களில் முத்துப்பட்டன் கதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், வாலப்பகடை என்னும் சக்கிலியரின் புதல்வியரான பொம்மக்கா, திம்மக்கா ஆகிய இருவர் மீதும் காதல் கொண்டு, அவர்களை மணப்பதற்காகப் பூணூலை அறுத்தெறிந்து, தோல் பதப்படுத்திச் செருப்புத் தைக்கக் கற்று, மாமனாரின் தொழிலையே தன் தொழிலாக ஏற்று, ஆநிரை கவர வந்த கள்வரோடு பொருது மாண்டான், மனைவியர் தீப்பாய்ந்தனர். பாபநாசம் மலையில் காரையாற்றங்கரைச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரோடு அவன் இன்றும் தெய்வமாக நிற்கிறான். ஆடி அமாவாசைக்கு அங்கே திரளும் பக்தர்கள் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். எந்தப் பொருளைத் தொட்டால் தீட்டென்று சாஸ்திரம் சொல்லிற்றோ, அந்தப் பொருளே சந்நிதியில் காணிக்கையாகத் தொங்குகிறது.

இந்தக் கதை வாய்க்கு வாய் மாறிப் பின்னர் அச்சேறியபோது ஒரு மாறுதல் நேர்ந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகளே என்றும், காட்டில் விடப்பட்ட அவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்றும் ஒரு பிறப்பு வரலாறு முன்னால் சேர்க்கப்பட்டது. இச்சேர்க்கையை ஏற்றுக்கொண்டால் கதையில் ஜாதி மீறல் என்பதே இல்லாமற் போய்விடும். பிராமணன் பிராமணப் பெண்களை மணந்தான், அவ்வளவே. உயர்ஜாதியினருக்கு உறுத்தாதபடி கதை திருத்தப்பட்டதென்று வானமாமலை எடுத்துக் காட்டினார். சமூகப் பிளவைக் கவிதை பிரதிபலிக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணாடிக்குப் பாதரசம் பூசுகிற கையும் அந்தச் சமூகத்தின் கைதான் என்பதை முத்துப்பட்டன் கதை ஞாபகப்படுத்துகிறது. யார் பாடினார்கள் என்று கேட்பதோடு, யார் அச்சிட்டார்கள், எந்த வரியை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

பஞ்சத்தின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியபோது சர்க்கார் எழுதிவைத்த அறிக்கைகளுக்குப் பக்கத்தில், பஞ்சக் கும்மிகள் என்ற பெயரில் ஜனங்கள் பாடிவைத்த அறிக்கையும் ஒன்று உண்டு. புலவர் செ. இராசு அவற்றைத் தொகுத்தளித்திருக்கிறார். சிவகங்கைச் சமஸ்தானப் புலவர் வில்லியப்ப பிள்ளையோ இன்னொரு வழியை மேற்கொண்டார். மதுரைச் சொக்கநாதரே பஞ்சம் தாங்காமல் சிவகங்கை ஜமீன்தாருக்கு உதவி கேட்டுத் திருமுகம் எழுதுவதாக அமைத்து 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்னும் அங்கத நூலைப் பாடினார். அந்தக் கற்பனையின் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். தெய்வத்துக்கே ஆகாரமில்லையென்றால் குடியானவன் கதி என்ன என்று வாசகன் தானே கேட்டுக்கொள்வான்.

பஞ்சம் விரட்டியவர்களில் திரளானோர் மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். காட்டில் பாடிய நாவு அங்கே கொழுந்து எடுக்கும் மலையில் பாடிற்று. காட்டுக்காரரின் இடத்தில் கங்காணியும் துரையும் வந்து நின்றார்கள், மெட்டு மாறவில்லை. அப்பாட்டுகளைத் தேடித் திரட்டியவர் மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. அவரே தோட்டத்தில் பிறந்தவர், தொழிற்சங்கத்தில் உழைத்தவர் என்பதால் அவர் தொகுத்தது வெளியார் பார்வையாக இல்லை. பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களைப் பற்றி எட்டயபுரத்து மண்ணில் பிறந்த பாரதி பாடினான். அவன் அவர்களைக் கண்ணால் கண்டதில்லை. செய்தியாகக் கேட்டே துடித்தான். மல்லாங்கிணற்றிலிருந்து எட்டயபுரம் அப்படியொன்றும் தூரமில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.

இப்பகுதியின் ஜாதிச் சரித்திரம் ஆறிய புண்ணென்று சொல்லத்தக்கதல்ல. ஆலயத்தில் நுழையக் கூடாதென்று தடுக்கப்பட்ட நாடார் சமூகத்தாருக்கும் ஏனைய வகுப்பினருக்கும் மூண்ட பகை, 1899 ஜூன் 6-ஆம் நாள் சிவகாசியைப் பெருங்கூட்டம் தாக்கிய கொள்ளையில் வெடித்தது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை போய் 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு தடுக்கப்பட்டவர்களுக்கு 1939 ஜூலை 8-இல்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில், 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டே சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். பின்பு பட்டாசும் அச்சும் வந்தன. அவமானத்துக்கு உழைப்பால் விடை சொன்ன அந்த வரலாற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பூமணி தம் 'அஞ்ஞாடி' நாவலில் இந்த வரலாற்றைப் பல ஜாதியாரின் வாய்மொழியிலும் பேசவைத்தார். 2014-இல் சாகித்திய அகாதெமி அதற்குப் பரிசளித்தது. தீப்பெட்டி ஒட்டும் சிறுவர்களைப் பற்றி 'கருவேலம் பூக்கள்' என்ற திரைப்படத்தையும் அவரே எடுத்தார். சிவகாசிச் சிறார் உழைப்பைக் குறித்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அபாயகரமான தொழிலில் சட்டத்துக்கு மாறாக அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று விதித்தது. குழந்தைகள் பெரும்பாலும் ஆலையிலிருந்து பள்ளிக்குப் போனார்கள். தாய்மார் ஆலையிலேயே இருக்கிறார்கள்.

இன்று வேன் ஒன்று. அதில் எல்லா வகுப்புப் பெண்களும் ஏறுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள். மாலையில் இறங்கிய பின்பு வெவ்வேறு தெருவுக்கு நடக்கிறார்கள். இறந்தால் வெவ்வேறு மயானத்துக்குப் போகிறார்கள். பட்டாசு அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாதென்பது விதி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். கல்லோ இரும்போ உரசக் கூடாது. இவை உயிரைக் காப்பதற்கென்றே ஏற்பட்டவை, ஓர் எழுத்தும் குறையாமல் கடைப்பிடிக்கப்பட வேண்டியவை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவை. விபத்துக்குப் பின் வரும் செய்திகளில் அறையில் அளவுக்கு மிஞ்சிய ஆட்கள், உள்குத்தகை, மரத்தடியில் மருந்து செலுத்துதல் என்ற சொற்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. நால்வர் விதியை நான் குறை கூறவில்லை. அது தக்கபடி மதிக்கப்பட்டிருந்தால் எத்தனையோ பேர் உயிரோடிருப்பார்கள். ஆனால் கூட்டாக நின்று பாடிய ஒரு ஜனத்தை நான்கு நான்காகப் பிரித்து, தனித்தனிச் சுவர்களுக்குள் அமர்த்தி, எண்ணிக்கைக்குக் கூலி என்று ஒவ்வொரு கையையும் பக்கத்துக் கையோடு போட்டியிட வைத்த பிறகு, களத்தில் எழுந்த கவிதை அங்கே எழாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் உழைப்பின் கவிதை எங்கே போயிற்று? எழுதுகோலுக்குப் போயிற்று. விவசாய இயக்கத்தில் வளர்ந்து திரைப்படத்துக்கு வந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1959-இல் தம் இருபத்தொன்பதாம் வயதில் மறையுமுன், ஏர் பிடித்தவனின் நியாயத்தைக் கொட்டகைதோறும் ஒலிக்கச் செய்தார். கீழக்கரையில் பிறந்த இன்குலாப் கல்லூரியில் தமிழ் போதித்துக்கொண்டே, கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-இல் நாற்பத்துநான்கு பேர் எரிக்கப்பட்ட தேசத்தில் கவிஞன் எப்படி மௌனமாயிருப்பான் என்று கேட்கும்படியான கவிதைகளை எழுதினார். அரசு ஊழியர் சங்கத்தில் பணியாற்றிய கந்தர்வன் குமாஸ்தாவின் வீட்டையும் அவன் மனைவியின் அடுப்படியையும் பாடினார். வானம்பாடிகள் 1971-இல் கோவையில் கூடிப் புதுக்கவிதையை மக்கள் பக்கம் திருப்ப முயன்றார்கள். அவர்களுடைய ஆவேசம் உண்மையானது. எனினும் அக்கவிதைகளில் பல அச்சுத்தாளைத் தாண்டவில்லை என்பதே என் கணிப்பு.

எது தாண்டிற்று என்று பார்த்தால் மூதாட்டி சொன்ன இடத்துக்கே வந்து சேர்கிறோம். இன்குலாப்பின் 'மனுசங்கடா' இன்றும் சேரிகளிலும் ஊர்வலங்களிலும் ஜீவனோடு இருப்பதற்கு, இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன் அதைப் பறையின் தாளத்தில் எடுத்துப் பாடியதும், ஆயிரக்கணக்கான குரல்கள் அதை வாங்கிப் பாடியதுமே காரணம். எழுதியவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பாடியவர் தலித் குடும்பத்தில் பிறந்தவர். வாங்கிப் பாடியவர்களில் எல்லாரும் உண்டு. இருவரும் 2016-ஆம் ஆண்டிலேயே, ஒருவர் ஜனவரியிலும் மற்றவர் டிசம்பரிலும், காலமானார்கள். அதற்கு அடுத்த ஆண்டு இன்குலாப்புக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதை அவர் குடும்பத்தார் ஏற்க மறுத்துவிட்டனர். கரிசல் குயில் கிருஷ்ணசாமியைப் போன்றவர்கள் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகளில் பாடும்போது, மேடைக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் அடி எப்போது வருமென்று காத்திருந்து அதை வாங்குகிற கூட்டம் அது. கவிதைக்கு அதைவிட உயர்ந்த ரசிகர் எவரும் இல்லை.

மல்லாங்கிணறும் இரண்டு எழுத்துக்காரர்களைத் தந்த ஊர். தமிழச்சி தங்கபாண்டியன் 'எஞ்சோட்டுப் பெண்', 'வனப்பேச்சி' முதலிய தொகுதிகளில் தம் ஊரின் பேச்சையும் தெய்வங்களையும் பெண்களையும் பட்டணத்துக் கவிதைக்குள் தைரியமாகக் குடியேற்றினார். ஊர்ப்பெண்ணின் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்காமல் கவிதையின் சொல்லாகவே ஏற்றது அவர் செய்த நற்காரியம். எஸ். ராமகிருஷ்ணனோ உரைநடைக்காரர், ஆயினும், கரிசல் நாட்டு நாதஸ்வரக் கலைஞர்களின் கதையைச் சொல்லி 2018-இல் அகாதெமி விருது பெற்ற அவருடைய 'சஞ்சாரம்' நாவலை, ஒரு சமூகம் தன் கலைஞனின் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே அவனைத் தரையில் உட்காரவைப்பது எவ்வாறு என்பதை அறியும் பொருட்டேனும் கவிதை வாசகரும் வாசிக்க வேண்டும்.

பாட்டு முற்றிலும் அற்றுப்போன இடமன்று இது. விபத்து நடந்த கிராமத்தில் இறந்தவர் வீட்டு வாசலில் ஒப்பாரி எழுகிறது. அத்தகைய ஒரு வாசலில் நான் நின்றிருக்கிறேன். தலைமயிர் அவிழ, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு வட்டமாகக் குனிந்திருந்த பெண்களின் நடுவே, வழிவழியாக வந்த உவமைகளான பொன் கட்டிலும் பூந்தேரும் அவற்றின் இடத்தில் வந்தன. திடீரென்று அவற்றுக்கு நடுவில் கம்பெனி வந்தது, வேன் வந்தது, அறையின் நம்பர் வந்தது, போர்மேன் வந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் மூடிய பொட்டலமாகப் பிள்ளையைக் கொடுத்தார்கள் என்பது மெட்டுக்கு அடங்காமல் வந்தது. மற்றவர்கள் அதையும் மெட்டுக்குள் இழுத்து வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக் கமிஷன் எதுவும் பதிவு செய்யாத விவரங்கள் அங்கே பதிவாயின. வட்டத்துக்கு வெளியே, சற்றுத் தள்ளி, அதே அறையில் வேலை செய்து அன்று மட்டும் விடுப்பில் இருந்ததால் பிழைத்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வேறு தெருப் பெண். அவள் வட்டத்துக்குள் வரவில்லை; யாரும் அழைக்கவுமில்லை. அவள் உதடுகள் மட்டும் இரண்டாம் அடியை வாங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வேப்பமரத்தடி மூதாட்டியிடம், பழைய களையெடுப்புப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டும்படி கேட்டேன். "ஒத்தையில வராதுய்யா" என்றார். கல்லூரியில் படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "எனக்குத் தெரியாது அப்பத்தா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். சிறிது யோசித்து, எழுந்து, தெருமுனை வரை நடந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பை நோக்கிக் குரல் கொடுத்தார். அவர் வயதுள்ள இன்னொரு மூதாட்டி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, ஓடையின் அக்கரையிலேயே நின்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இருவரும் ஒரே நிரையில் நின்றவர்களாம். இவர் எடுத்தார், அவர் அங்கிருந்தே வாங்கினார். முதல் அடியில் குரல் நடுங்கிற்று, மூன்றாம் அடியில் நேரானது. இருவர் கைகளும் தம்மை அறியாமல் முழங்காலளவு தாழ்ந்து, இல்லாத களையைப் பறித்தன.

ஏழு கண்ணி வரை வந்தது. எட்டாவது கண்ணி இருவருக்கும் ஞாபகமில்லை. ஓடைக்கு இக்கரையும் அக்கரையுமாக நின்று இருவரும் வாதாடினார்கள். பாட்டு கீழக்காட்டுக் களையெடுப்பில் கற்றது என்று ஒருவர், இல்லை மல்லிக் காட்டில் என்று மற்றவர். கடைசியில் இருவரும் ஒரு பெயரைச் சொல்லி ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பாட்டு முழுதும் அவளுக்குத் தெரியுமாம்; அவள் நிரையின் முதல் ஆள், எப்போதும் எடுத்துப் பாடுகிறவள். இப்போது சாத்தூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருந்துகொண்டு பட்டாசாலையில் சரம் பின்னுகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தால் போய்விடுவாள் என்றார்கள்.